ஃபிரெடெரிக்காவோட தையல் அறை: 'தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ஸ்' படிச்சவங்க வாங்க (கதை முழுக்க உடையும்)

இராப்பறவை

முதல்லயே சொல்லிடறேன், முடிவு வரைக்கும் உடைச்சுத்தான் பேசப்போறேன். படிக்காதவங்க இப்பவே திரும்பிடுங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க.

தாமஸ் ஹாரிஸ் 1988ல எழுதின இந்த நாவலை மூணாவது தடவையா முடிச்சேன். முதல் தடவை படிச்சப்ப வயசு பத்தொன்பது. சிறையில இருந்துக்கிட்டே துப்பு கொடுக்கற கொலைகார மனநல டாக்டர் லெக்டர் வர்ற பக்கத்துக்காக மட்டும் படிச்சேன். எஃப்பிஐ பயிற்சி மாணவி கிளாரிஸ் ஸ்டார்லிங் பரீட்சையை நினைச்சுப் பயப்படறது, அவளோட மேலதிகாரி ஜாக் கிராஃபோர்ட் வீட்டுல மனைவி பெல்லா கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டிருக்கறது, இதெல்லாம் எதுக்குன்னு தள்ளிட்டுப் போனேன். இப்போ அப்படியே தலைகீழ். லெக்டர் வாயைத் திறந்தாலே "சரி சரி, சீக்கிரம் முடி"ன்னு இருக்கு.

இந்தத் தடவை என்னைப் பிடிச்சு உட்கார வெச்சது முடிவுக்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற பகுதி. ஒஹாயோவுல பெல்விடியர்னு ஒரு ஊர். பொண்ணுங்களைக் கொன்னு தோலை உரிக்கற ஒருத்தன் கையால செத்துப்போன ஃபிரெடெரிக்கா பிம்மல்னு ஒரு பொண்ணோட அறை. கிளாரிஸ் அங்க தனியா நிக்கறா. கிராஃபோர்டும் ஆயுதம் ஏந்தின படையும் விமானத்துல இல்லினாய் பக்கம் பறந்துக்கிட்டிருக்காங்க. கொலைகாரன் பேரு, விலாசம் எல்லாம் அவங்க கையில இருக்கு. போய் இறங்கினா அது காலி வீடு. இவளோ அலமாரியில தொங்குற துணியையும் தையல் சாமானையும் பார்த்துக்கிட்டு நிக்கறா. அங்கதான் அவளுக்கு எல்லாம் விளங்குது: அவன் பொண்ணுங்க தோல்ல உடை தெக்கறான். அடுத்த கொஞ்ச நேரத்துல அவனோட வீட்டுக் கதவையே தட்டறா.

என் கட்சி இதுதான்: இந்த நாவல்ல கொலைகாரனைப் பிடிச்சது லெக்டரோட மூளை இல்ல. செத்தவளோட அறைக்குள்ள போய், அவ எப்படி வாழ்ந்தான்னு பார்க்கணும்னு ஒருத்திக்குத் தோணிச்சே, அதுதான். ஆனா முப்பது வருஷத்துக்கு மேலா எல்லாரும் கண்ணாடிக்குப் பின்னாடி நிக்கற அந்த ஆளைப் பத்தியே பேசிக்கிட்டிருக்கோம். அடிக்கறவங்க அடிங்க.

கைநாட்டு

அடிக்க வந்துட்டேன். 😄

பெல்விடியருக்கு அவ ஏன் போனா? லெக்டர் சொன்னதால. தினம் கண்ணுல படறதுக்குத்தான் மனுஷன் முதல்ல ஆசைப்படுவான்னு பாடம் எடுத்தது யாரு? வரைபடத்துல, பிணங்கள் கிடந்த இடங்கள் ரொம்ப மெனக்கெட்டுச் சிதறவிட்ட மாதிரி இல்லையான்னு குறிப்பு எழுதிக் கொடுத்தது யாரு? ஃபிரெடெரிக்கா முதல்ல செத்தவ, ஆனா மூணாவதா கிடைச்சவ. அவ உடம்புல மட்டும்தான் கனம் கட்டித் தண்ணியில போட்டான். ஏன்? அவ தனக்குத் தெரிஞ்ச பொண்ணு. இதையெல்லாம் கோர்த்துக் கொடுத்ததே மனுஷன்தான். சாவியைச் செஞ்சு கையில கொடுத்தவனை விட்டுட்டு, பூட்டைத் திறந்தவளுக்கு மட்டும் மாலை போடறீங்களே.

அப்புறம் லெக்டர் பாத்திரம் ஒண்ணும் ஆகாசத்துல இருந்து குதிச்சது இல்ல. ஹாரிஸ் வாலிபத்துல பத்திரிகைக்காரனா மெக்சிகோவுல மான்டெர்ரே சிறைக்கு ஒரு கைதியைப் பேட்டி எடுக்கப் போனார். அங்க ஒரு டாக்டரைச் சந்திச்சுப் பேசினார். நிதானமான ஆளு, கூர்மையான கேள்வி. சிறை டாக்டர்னு நினைச்சுக்கிட்டே பேசியிருக்கார். அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த ஆளும் கைதி, கொலைக் கைதி. நாவலோட 25வது ஆண்டுப் பதிப்பு முன்னுரையில இதைச் சொல்லியிருக்கார். அந்த டாக்டர் கேட்ட கேள்விகள்தான் லெக்டர் கேக்கற கேள்விகளுக்கு விதை. என்னைக் கேட்டா மொத்த நாவலும் அங்கதான் முளைச்சுது.

வெட்டிப்பேச்சு

ரெண்டு பேருமே தப்பு. பிணத்தோட தொண்டையில கூடு கிடைச்சுதே, கொலைகாரனைப் பிடிச்சது அந்த அந்துப்பூச்சி. கதவைத் திறந்து விட்டு நல்லவன் மாதிரி பேசிக்கிட்டிருந்தவன் வீட்டுக்குள்ள அது பறக்கலேன்னா கிளாரிஸ் தேங்க்ஸ் சொல்லிட்டுக் கிளம்பியிருப்பா.

ஊசிநூல்

பொதுவா இங்க படிச்சிட்டுப் போறதோட சரி. தையல்னு தலைப்பைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல. இருபத்திரண்டு வருஷமா தைக்கறேன்.

கிளாரிஸ் அந்த அறையில நிக்கற இடத்தைப் படிக்கும்போது அவளுக்கு ஒரு நொடி முன்னாடி எனக்குப் பொறி தட்டிடுச்சு. பிணத்து முதுகுல தோலை வெட்டி எடுத்த வடிவம் முன்னாடியே வந்துடுது. போலீஸ்காரங்க அதைக் கொடூரமாப் பார்க்கறாங்க, கோட்டிக்காரன் வேலையாப் பார்க்கறாங்க. தைக்கறவ கண்ணுக்கு அது வேற. தட்டையான துணியை உடம்போட வளைவுக்குக் கொண்டு வரணும்னா எங்கேயாவது மடிச்சுப் பிடிக்கணும், இல்ல துண்டு வெச்சுக் கொடுக்கணும். நாங்க டாட் பிடிக்கறதுன்னு சொல்லுவோம். அதுக்குச் சாக்கட்டியால குறிப்போமே, அந்த மாதிரி வடிவம். யாரோ அளவெடுத்து வேலை செய்யறான், அவனுக்குத் தொழில் தெரியும்னு அந்த வடிவம் கத்திச் சொல்லுது. இத்தனை ஆம்பளைங்க அந்தப் போட்டோவைப் பார்த்திருக்காங்க. ஒருத்தனுக்கும் தோணல. அவங்க வீட்டுல ஒரு தையல் மிஷின்கூடவா இல்ல?

செனட்டர் மகள் கேத்தரினைக் கடத்தும்போது அவன் கேக்கற கேள்வியைப் பாருங்க. அவ போட்டிருக்கற துணி பதினாலாம் சைஸான்னு விசாரிக்கறான். ஒரு கடைக்காரன் கேக்கற கேள்வி அது. அந்த இடம்தான் எனக்கு நடுக்கம். அவளை அடைச்சு வெச்ச குழியும் இருட்டும் எனக்கு அவ்வளவா பயம் காட்டல.

ஒண்ணு மட்டும் ஹாரிஸை விட்டுட்டு என் தொழில்ல இருந்து சொல்றேன். தோல் துணி மாதிரி இல்ல. ஊசி ஒரு தடவை இறங்கினா அந்த ஓட்டை மூடாது, பிரிச்சுத் தைக்க முடியாது. அதனால முதல்லயே சாதாத் துணியில ஒரு மாதிரி தெச்சுப் பார்த்துட்டுத்தான் கத்திரி வைக்கணும். அவன் வேலையில அவன் எவ்வளவு பொறுமைக்காரன்னு காட்ட அந்த ஒரு விஷயம் போதும்.

இராப்பறவை

ஊசிநூல் அக்கா, நான் மூணு தடவை படிச்சும் பதினாலாம் சைஸ் கேள்வியை இப்படிப் பார்க்கல. அவ சட்டையில உள்ள சீட்டைப் பார்த்து உறுதிப்படுத்திக்கறான், அதுவும் நீங்க சொன்னது மாதிரி கடைக்காரன் வேலைதான்.

கைநாட்டு, உங்களுக்கு அப்புறமா வர்றேன். பதில் இருக்கு.

பழுப்புத்தாள்

இளையவர்கள் சண்டையில் நான் குறுக்கிடலாமா? நாற்பது ஆண்டுகளாக இந்த வகை நாவல்களையும், அவற்றின் பின்னாலிருக்கும் உண்மை வழக்குகளையும் வாசித்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளும்.

ஹாரிஸின் கொலைகாரன் ஜேம் கம்ப் ஒரே ஆளைப் பார்த்து வரையப்பட்டவன் அல்லன். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, கனமான சாமானை வண்டியில் ஏற்ற உதவி கேட்டு இரக்கமுள்ள பெண்களை வளைத்தது டெட் பண்டியின் உத்தி. தோலை வைத்து உடை செய்வது 1957இல் விஸ்கான்சின் மாநிலத்தின் பிளெய்ன்ஃபீல்டில் கைதான எட் கீனின் வீட்டிலிருந்து வந்தது. நிலவறைக் குழியில் பெண்ணை அடைத்து வைப்பது 1987இல் ஃபிலடெல்ஃபியாவில் பிடிபட்ட கேரி ஹைட்னிக்கை நினைவூட்டுவது. மூன்று பேரின் செய்கைகளை ஒருவனுக்குள் ஒட்டுப்போட்டிருக்கிறார்.

அதாவது கம்ப் வெளியிலிருந்து வந்தவன். லெக்டர் அப்படியல்ல. கைநாட்டு சொன்ன சிறைக்கதை உண்மைதான், ஆனால் அங்கிருந்து வந்தவை பேச்சும் பார்வையும் மட்டுமே. மேதைத்தனம் நாவலாசிரியரின் கொடை. நிஜத்தில் பிடிபட்டவர்களின் கதையைப் பாருங்கள்.

1977இல் நியூயார்க்கையே நடுங்க வைத்த டேவிட் பெர்கோவிட்ஸ் எப்படிச் சிக்கினான்? தீயணைப்புக் குழாய்க்கு அருகே காரை நிறுத்தியதற்காக ஒட்டப்பட்ட அபராதச் சீட்டு. இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்க்ளிஃபை அதற்கு முன்பே காவல்துறை ஒன்பது முறை விசாரித்து அனுப்பியிருந்தது. 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் காரில் போலி நம்பர் பிளேட் இருந்ததால் மாட்டினான். கான்சாஸின் டென்னிஸ் ரேடர் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்றுவிட்டு ஊருக்குள் நல்ல மனிதனாக வாழ்ந்தான். ஃபிளாப்பி வட்டில் கடிதம் அனுப்பினால் கண்டுபிடிக்க முடியுமா என்று காவல்துறையிடமே கேட்டான். முடியாது என்று பொருள்படும்படி அவர்கள் பத்திரிகை விளம்பரம் மூலம் பதில் சொன்னார்கள். நம்பினான். 2005இல் அந்த வட்டில் அழித்த கோப்பிலிருந்து அவன் பெயரும் அவன் தேவாலயத்தின் பெயரும் கிடைத்தன. இதில் எங்கே மேதை?

எண்ணிக்கையில் இவர்கள் எல்லோரையும் விழுங்கியவர் ஹெரால்ட் ஷிப்மேன் என்ற குடும்ப மருத்துவர். 2000இல் 15 கொலைகளுக்குத் தண்டிக்கப்பட்டார். பிறகு அமைந்த விசாரணை 215 பேரை அவர் கொன்றதாக உறுதி செய்தது. பெரும்பாலும் வயதான பெண்கள், ஒரு ஊசி, ஒரு மரணச் சான்றிதழ். அகப்பட்டது கோணலாகத் தட்டச்சு செய்த போலி உயிலால். இறந்தவரின் மகளே வழக்கறிஞர், அவருக்குத்தான் சந்தேகம் வந்தது. இதை நாவலாக எழுதினால் எந்தப் பதிப்பகமும் அலுப்பாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பும்.

கைநாட்டு

ஐயா, இதெல்லாம் பிடிபட்டவன் கணக்கு. பிடிபடாத புத்திசாலியை யாரு எண்ணறது?

பழுப்புத்தாள்

நல்ல கேள்வி. ஆனால் பிடிபடாமல் போனதற்குப் பெரும்பாலும் அவர்களின் புத்தி காரணமல்ல, தேடியவர்களின் தடுமாற்றம்தான். சட்க்ளிஃப் வழக்கையே எடுங்கள். விவரங்கள் எல்லாம் அட்டைகளில் இருந்தன. அட்டைகள் மலையாகக் குவிந்து, ஒரே ஆளின் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. கூடவே எவனோ ஒருவன் தானே கொலைகாரன் என்று கடிதங்களும் ஒலிநாடாவும் அனுப்பி, வட்டார வழக்கில் பேசிக் காவல்துறையைத் திசை திருப்பினான். அந்த வட்டாரப் பேச்சு இல்லாதவர்களெல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து கழிந்தார்கள், சட்க்ளிஃபும் கழிந்தான். அந்தக் குரலின் சொந்தக்காரன் 2005இல்தான் டிஎன்ஏ மூலம் கிடைத்தான். அட்டைக் குழப்பத்திலிருந்து பாடம் கற்றுத்தான் பிரிட்டன் ஹோம்ஸ் என்ற கணினி முறைக்கு மாறியது.

கொலைகாரன் மேதையாக இருந்தால் நம் தோல்விக்கு ஒரு கௌரவம் கிடைக்கிறது. அட்டைப்பெட்டியில் தொலைந்தது என்றால் கிடைக்காது.

நடுநிசி

எனக்கு இந்த வகை நாவலே ஆகாது. ஒரு நண்பன் படியேன்னு கெஞ்சினதால இதைப் படிச்சேன், அதனால பேசற உரிமை இருக்கு.

எல்லாத்துலயும் ஒரே சமையல். முதல் பக்கத்துல ஒரு பொண்ணு பிணம். அவ பேரு வர்றதுக்கு முன்னாடி காயம் எத்தனைன்னு வந்துடும். அப்புறம் ரெண்டாவது பொண்ணு, மூணாவது பொண்ணு. எண்ணிக்கை ஏற ஏறத்தான் நமக்குச் சுவாரஸ்யமாம். துப்பறியறவன் குடிகாரன், பெண்டாட்டி விட்டுட்டுப் போயிருப்பா. கொலைகாரனுக்குச் சின்ன வயசுல அம்மா கொடுமை. புத்தகத்தை மூடினா கொலைகாரன் பேரு மட்டும் ஞாபகம் இருக்கும். 1888ல லண்டன்ல ஒருத்தன் ஐந்து பொண்ணுங்களைக் கொன்னான். 'ஜாக் த ரிப்பர்'ங்கற அவனோட பட்டப்பேரு உலகத்துக்கே தெரியும், அந்த ஐந்து பேருல ஒருத்தியோட பேரை இங்க யாராவது தேடாம சொல்லுங்க பார்க்கலாம்.

பழுப்புத்தாள்

மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சேப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி.

ஆனால் நான் விதிவிலக்கு. அதுவும் 2019இல் ஹேலி ரூபன்ஹோல்ட் அந்த ஐவரின் வாழ்க்கையை மட்டும் எழுதிய நூலைப் படித்த பிறகுதான் மனதில் நின்றது. அந்த நூலில் கொலை நடக்கும் கணம் கிடையாது. அவர்கள் எங்கே பிறந்தார்கள், யாரைக் கட்டினார்கள், எப்படி வீடிழந்தார்கள் என்பதுதான் இருக்கிறது. உங்கள் குற்றச்சாட்டு நியாயம்தான், நடுநிசி.

இராப்பறவை

நடுநிசி, நீங்க சொல்ற குறை இந்த வகையில தொண்ணூறு புத்தகத்துக்குப் பொருந்தும். ஆனா இதை அந்தக் கூடையில போடாதீங்க.

மேற்கு வர்ஜீனியாவுல ஆத்துல ஒதுங்கின பிணத்தைப் பரிசோதிக்கற இடத்தை மறுபடி படிங்க. இறுதிச் சடங்கு நடத்தற கட்டடத்துல உள்ளூர் போலீஸ்காரங்க கூட்டமா நிக்கறாங்க. கிளாரிஸ் மரியாதையா, ஆனா உறுதியா அவங்களை வெளியே அனுப்பறா. இவளைக் கவனிச்சுக்க நாங்க வந்திருக்கோம்ங்கற தொனியில. அப்புறம் அவ பார்க்கறது காயத்தை மட்டும் இல்ல. நகப்பூச்சு, காது குத்தின விதம். இந்தப் பொண்ணு எந்த மாதிரி இடத்துல வளர்ந்திருப்பான்னு அதை வெச்சு யோசிக்கறா. சவத்தை ஒரு பொண்ணா பார்த்த முதல் ஆள் அவதான்.

கேத்தரினையும் பாருங்க. குழியில கிடக்கற பொண்ணு அழுதுக்கிட்டே காப்பாத்த ஆள் வருமான்னு காத்துக்கிட்டா இருக்கா? எலும்பைக் காட்டி அவன் உயிரா வளர்க்கற நாய்க்குட்டியை உள்ள இழுத்துப் பணயமா வெச்சுக்கறா. அந்த ஒரு இடத்துல கொலைகாரன் கெஞ்சற நிலைக்கு வர்றான்.

இப்போ கைநாட்டுக்குப் பதில். லெக்டர் துப்பு கொடுத்தான், சரி. அந்தத் துப்போட பாதி, கேஸ் காகிதத்துலயே எல்லாருக்கும் முன்னாடி கிடந்தது. கனம் கட்டின பிணம் ஒண்ணே ஒண்ணுதான்னு எல்லாருக்கும் தெரியும். அப்போ ஏன் யாரும் பெல்விடியர்ல போய் உட்காரல? போனாங்க, கேள்வி கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க, திரும்பிட்டாங்க. கிளாரிஸுக்கு மட்டும் அங்க வேற ஒண்ணு தெரியுது. ஏன்னா அவளும் அதே மாதிரி ஒரு வீட்டுல இருந்து வந்தவ. அப்பா ராக்காவல் வேலையில சுடப்பட்டுச் செத்தார், அம்மா மோட்டல்ல அறை துடைச்சாங்க. விலை குறைஞ்ச செருப்பைப் பார்த்து லெக்டர் முதல் சந்திப்புலயே நக்கல் அடிக்கறானே, அந்தச் செருப்புக்காரிக்குத்தான் ஃபிரெடெரிக்காவோட அலமாரி புரியும். செனட்டர் மகள் கடத்தப்பட்டதும் நாடே எழுந்து நிக்குது. ஃபிரெடெரிக்கா காணாம போனப்ப யாரு எழுந்தாங்க?

லெக்டருக்கு ஆசையைப் பத்தித் தெரியும். அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது.

கைநாட்டு

செருப்பு பாயிண்ட் நல்லா இருக்கு. அதுக்காக முழுசா ஒத்துக்க மாட்டேன், பாதி ஒத்துக்கறேன்.

லெக்டர் ரசிகனா இருந்தும் ஒரு குறை எனக்கே இருக்கு. மெம்ஃபிஸ்ல தப்பிக்கற பகுதி. பேனாத் துண்டுல விலங்குச் சாவி செய்யறது, காவலரோட முகத்தையே முகமூடியா மாட்டிக்கிட்டு ஆம்புலன்ஸ்ல ஏறறது. படிக்கும்போது மூச்சே விடல. மறுநாள் யோசிச்சா, ஸ்ட்ரெச்சர்ல ஏத்தினவங்களுக்குக் கண்ணு எங்க போச்சுன்னு இருக்கு. ஆனா இதைக் கேக்க ஆரம்பிச்சா த்ரில்லரே படிக்க முடியாது.

வெட்டிப்பேச்சு

மூச்சே விடாம படிச்சதாலதான் அவன் தப்பிச்சான். நீங்க மூச்சு விட்டு யோசிச்சிருந்தா பிடிபட்டிருப்பான்.

புதுவரவு

வணக்கம். நான் 1991ல வந்த படம் மட்டும்தான் பார்த்திருக்கேன். ஐந்து பெரிய ஆஸ்கரும் வாங்கினது. நாவல் படிச்சா புதுசா ஏதாவது கிடைக்குமா, இல்ல அதே கதைதானா? படத்துல லெக்டர்தான் மொத்தமும்னு நினைச்சேன், நீங்க பேசறது வேற மாதிரி இருக்கு.

இராப்பறவை

வாங்க வாங்க. கதை ஏறக்குறைய அதேதான், ரொம்ப நேர்மையா எடுத்த படம். ஆனா படத்துலகூட லெக்டர் வர்ற நேரத்தைக் கூட்டினா அரை மணி நேரம்கூடத் தேறாது. மீதி நேரமெல்லாம் நாம அவனை நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். அதுதான் ஆந்தனி ஹாப்கின்ஸோட வேலை.

நாவல்ல கூடுதலாக் கிடைக்கறது கிராஃபோர்ட். படத்துல அவரு ஒரு மேலதிகாரி, அவ்வளவுதான். நாவல்ல வீட்டுல சாகக் கிடக்கற மனைவிக்குப் பணிவிடை பண்ணிட்டு, விடிஞ்சதும் அடுத்தவன் வீட்டு சாவைத் தேடிப் போற மனுஷன். இன்னொண்ணு, ஆட்டுக்குட்டிக் கதை. படத்துல சின்னப் பொண்ணு கிளாரிஸ் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடறா. நாவல்ல அவ கூட்டிட்டுப் போறது ஹன்னான்னு ஒரு குதிரை, வெட்டுக்குப் போகவிருந்த குதிரை. அந்தக் குதிரை தப்பிச்சுடுது. ஒண்ணைக் காப்பாத்த முடிஞ்சவளுக்கும் தூக்கம் வரலங்கறது வேற மாதிரி வலி.

மழைக்காகிதம்

ரெண்டு நாளா எழுதறதா வேண்டாமான்னு யோசிச்சேன். இந்த நாவலை நானும் ரசிச்சிருக்கேன். ஆனா ஒரு திருநங்கைத் தோழியோட சேர்ந்து படம் பார்த்தப்போ, கம்ப் கேமரா முன்னாடி ஆடற காட்சியில அவ எழுந்து வெளிய போயிட்டா. அன்னைக்கு ராத்திரி அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

ஹாரிஸ் தற்காப்பு எழுதி வெச்சிருக்கார், தெரியும். கம்ப் உண்மையான பால்மாற்றம் தேடறவன் இல்லன்னு லெக்டரே சொல்றான். அப்படிப்பட்டவங்களுக்கும் வன்முறைக்கும் சம்பந்தம் இல்லைன்னு கிளாரிஸ் சொல்றா. பால்மாற்ற சிகிச்சை தர்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர் தன் நோயாளிங்க பேரைக் கொடுக்க மாட்டேன்னு கிராஃபோர்டோட மல்லுக்கு நிக்கறார். அந்த டாக்டர் எனக்குப் பிடிச்ச சின்னப் பாத்திரம். ஆனா ரெண்டு வரி விளக்கமும் முந்நூறு பக்கப் பயமும் ஒரே எடை இல்லையே. படிக்கறவன் மனசுல தங்கறது பெண் உடைக்கு ஏங்கின ஒரு கொலைகாரன். 1992ல ஆஸ்கர் விழா வாசல்ல நடந்த போராட்டம் சும்மா நடக்கல.

இராப்பறவை, செத்தவங்களை மனுஷங்களாப் பார்க்கற நாவல்னு சொன்னீங்க. அதை மறுக்கல. இன்னொரு கூட்டத்தை அது எப்படிப் பார்க்க வெச்சுதுங்கறதையும் சேர்த்துக்கணும்னு தோணிச்சு.

இராப்பறவை

மறுக்க ஒண்ணும் இல்ல, மழைக்காகிதம். மூணு தடவை படிச்சும் இந்தப் பக்கம் எனக்குப் படிக்கறவளோட அறிவுல பட்டதே தவிர வயித்துல படல. தோழி எழுந்து போனது வயித்துல பட்டுது.

ஊசிநூல்

எங்க தொழில்லயும் பெண் உடை கேட்டு வர்ற திருநங்கைங்க உண்டு. அளவு எடுக்கறப்ப அவங்க மூஞ்சியில வர்ற சந்தோஷத்தை ஹாரிஸ் ஒரு தடவை பார்த்திருந்தா வேற கதை எழுதியிருப்பார்.

நடுநிசி

சரி, ஆள் மனசைப் படிச்சே குற்றவாளியை வரையறது, அதான் இந்த புரொஃபைலிங், அது நிஜத்துல வேலை செய்யுமா? நாவல் படிச்சா அது ஏதோ எக்ஸ்ரே மாதிரி இருக்கு.

பழுப்புத்தாள்

எக்ஸ்ரே அல்ல, மங்கலான கண்ணாடி. எஃப்பிஐயின் நடத்தையியல் பிரிவு 1972இல் தொடங்கியது. ராபர்ட் ரெஸ்லர், ஜான் டக்ளஸ் முதலியோர் சிறைகளுக்குப் போய் 36 குற்றவாளிகளைப் பேட்டி கண்டு அதன்மேல் ஒரு வகைப்பாட்டைக் கட்டினார்கள். கிராஃபோர்டுக்கு டக்ளஸின் சாயல் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: 36 பேர், எல்லோரும் பிடிபட்டவர்கள், பேச ஒப்புக்கொண்டவர்கள், அதிலும் தங்களைப் பற்றிப் பொய் சொல்வதில் வல்லவர்கள். அதை அடித்தளமாக வைத்து எத்தனை மாடி கட்டலாம்?

அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் விம்பிள்டன் வழக்கு. 1992இல் ஓர் இளம் தாய் தன் குழந்தையின் கண்ணெதிரே கொல்லப்பட்டார். உளவியலாளர் வரைந்த சித்திரத்துக்கு ஒருவர் பொருந்துகிறார் என்று காவல்துறை முடிவுகட்டியது. பெண் காவலர் ஒருவரைக் காதலி வேடத்தில் அவரோடு மாதக்கணக்கில் பழகவிட்டு வாக்குமூலம் வாங்கப் பார்த்தார்கள். 1994இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தைக் கடுமையாகக் கண்டித்துத் தள்ளினார். உண்மையான கொலைகாரன் டிஎன்ஏ வழியாகத் தெரியவந்து, 2008இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இடைப்பட்ட காலத்தில் அவன் இன்னொரு தாயையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றிருந்தான்.

கிராஃபோர்டின் விமானம் காலி வீட்டுக்குப் போவதை ஹாரிஸ் எழுதியது 1988இல். விம்பிள்டன் நடப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. அந்த அத்தியாயத்தை இப்போது படிக்கும்போது எனக்கு அது வெறும் திருப்பமாகத் தெரிவதில்லை.

கைநாட்டு

ஐயா, இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்த நாலு வயசுக் குழந்தை பத்தி எனக்குத் தெரியாது.

வேற ஒண்ணு கேக்கறேன். அடுத்து வந்த புத்தகங்களைப் படிச்சீங்களா யாராவது? இதுல லெக்டர் தன்னை எதுவும் இப்படி ஆக்கலன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்றான். தன்னைக் காரணத்துக்குள்ள அடைக்காதேங்கறான். அதுதான் அவனோட பயமே. அப்புறம் ஹாரிஸே உட்கார்ந்து அவனுக்குச் சின்ன வயசுக் கதை, போர், பறிகொடுத்த தங்கச்சின்னு எல்லாம் எழுதினார். 2006ல வந்த புத்தகம் முழுக்க அதுதான். படிச்சு முடிச்சப்ப எனக்கு அவன்மேல இருந்த பயமெல்லாம் போய், ஐயோ பாவம்னு இருந்துச்சு. ரசிகனுக்கு இதைவிட என்ன தண்டனை?

வெட்டிப்பேச்சு

பேய்க்கு ஜாதகம் எழுதிட்டாரு.

நடுநிசி

இந்த ஒரு வரிக்காகவே இந்த இழைக்கு வந்தது வீண் போகல.

நானும் என் பங்குக்கு இறங்கி வர்றேன். பெல்விடியர் பகுதியை மட்டும் இன்னொரு தடவை எடுத்துப் படிச்சேன். கதையோட அவசரத்துக்கு நடுவுல, ஒரு செத்துப்போன பொண்ணு என்ன நிறம் விரும்பினா, என்ன தெச்சுக்கிட்டிருந்தான்னு ஒரு எழுத்தாளன் நின்னு பார்க்கறது இந்த வகையில அபூர்வம்தான். அதுக்காக மத்த தொண்ணூறு புத்தகத்தையும் மன்னிக்க மாட்டேன்.

ஊசிநூல்

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி. அந்த அறையில பாதியில நின்ன தையல் என்ன ஆச்சு? சாட்சியமா எடுத்துட்டுப் போய் ஒரு பெட்டியில போட்டிருப்பாங்க, வழக்கு முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்தாங்களா? எங்ககிட்ட தைக்கக் கொடுத்துட்டு வராம போனவங்க துணி ஒரு மூட்டை கிடக்கு. தூக்கிப்போட மனசு வராது. பேர் எழுதின சீட்டோட அப்படியே வெச்சிருக்கேன்.

புதுவரவு

நாவல் வாங்கிட்டேன், நேத்து ராத்திரி ஆரம்பிச்சேன். ஃபிரெடெரிக்கா பேரு எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் பென்சில்ல கோடு போட்டுக்கிட்டே வர்றேன். இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு. அதுவும் மத்தப் பேருங்களோட பட்டியல்ல.